கரிமூட்டத்தைப் பிடிக்க வந்த ஹெலிகாப்டர்: கே.கே. நகரிலிருந்து பேரையூர்ப் பக்கம் ஒரு நாள்

சென்ற சனிக்கிழமை பேரையூருக்கு அப்பால் ஒரு கண்மாயைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே அருவி இல்லை, மலைக்கோயில் இல்லை, நின்று படம் எடுத்துக்கொள்ள ஓர் அணைக்கட்டுகூட இல்லை. தண்ணீரே இல்லாத கண்மாய். இதற்கா ஒரு நாள் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தை இங்கேயே மூடிவிடலாம். எனக்கு வருத்தம் இல்லை.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் நான் ராணுவத்தில் மேஜர். ஹெலிகாப்டர் ஓட்டினேன். ஒரு கோடைப் பிற்பகலில், மதுரையில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு தென்மேற்கே போகும்போது ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எரிந்தால் கிடைத்த இடத்தில் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. கிடைத்த இடம் அந்தக் கண்மாய். இறங்கினேன், சரியாகச் சொன்னால், போட்டு உடைத்தேன். வால் கரையில் இடித்தது. என் முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியது. அதற்குப் பிறகு நான் எந்த விமானத்தையும் ஓட்டவில்லை.

அன்று இடது இருக்கையில் துணை விமானியாக இருந்த இளைய அதிகாரியை இங்கே பிரதீப் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. விசாரணையில் அவன் சொன்ன ஒரு வரியில் என் வேலை முடிந்தது. அன்றிலிருந்து அவனோடு நான் பேசியதில்லை. பத்து நாட்களுக்கு முன் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "குடும்பத்தோடு மதுரை வருகிறோம் சார். அடுத்த வாரம் ஞாயிறு உங்களைப் பார்க்கலாமா?" பதில் போடவில்லை. போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன் அந்த இடத்தை ஒரு முறை காலால் மிதித்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதனால் இந்தப் பயணம்.

காலை 6.40க்கு கே.கே. நகரில் கிளம்பினேன். முதுகு காரணமாக நான் நெடுந்தூரம் கார் ஓட்டுவதில்லை. வாடகைக் கார் ஒரு நாளைக்கு 2,600 ரூபாய், ஓட்டுநர் படி 300, டீசல் அதிலேயே அடக்கம். ஓட்டுநர் பாண்டிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நேராகத் திருமங்கலம் சாலையைப் பிடிக்கப் போனவரை, சமயநல்லூர் போய்ச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று நிறுத்தினேன்.

"பேரையூருக்கு எதுக்கு சார் சமயநல்லூர்? தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரில்ல இருக்கு."

"நாகமலையைப் பார்க்கணும்."

"அது எங்கயும் ஓடிப்போகாது சார். சரி, உங்க இஷ்டம்."

கீழிருந்து பார்த்தால் நாகமலை ஒரு கற்குவியல். மேலிருந்து பார்த்தால்தான் அது பாம்பு. சமயநல்லூர்ப் பக்கம் ஒரு முனையும் மேற்கே வெகுதூரத்தில் மறு முனையுமாக, நடு முதுகு வெயிலில் மின்ன, அசையாமல் கிடக்கும். யானைமலை நேர்மாறு. தரையில் நின்றால் படுத்திருக்கும் யானை, மேலே போனால் வெறும் பாறை. தெப்பக்குளம் ஒரு தீப்பெட்டி. வைகை பெரும்பாலும் மணல். எனக்குப் பிடித்தவை கண்மாய்கள்தான். ஒன்றின் கலுங்கில் வழியும் தண்ணீர் அடுத்ததின் வாயில் விழ, அது அதற்கடுத்ததில் விழ, தென்மேற்கே மலையடி வரைக்கும் பிறை பிறையாக அடுக்கி வைத்திருப்பார்கள். மழைக்குப் பிறகு அவற்றின் மேல் பறந்தால், ஒவ்வொரு பிறையாகச் சூரியன் நம்மோடு ஓடிவரும். அந்த ஓட்டத்தைப் பார்த்தவன் பிறகு கே.கே. நகரில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சமயநல்லூருக்கு என் கணக்கில் 15 கிலோமீட்டர். சாலையோரக் கடையில் டீ, ஒன்று 12 ரூபாய். அங்கேதான் பாண்டி கேட்டார்:

"சார் ஏர்ஃபோர்ஸா?"

"ஆர்மி."

"ஆர்மின்னா நடந்துல்ல சார் போவாக?"

இந்தக் கேள்வியை வாழ்நாளில் குறைந்தது நூறு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் என்னை 'முன்னாள் விமானப்படை' என்றுதான் மேடையில் அழைக்கிறார். எட்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் மேடைக்கே போகவில்லை.

ராணுவத்துக்கும் சொந்தமாக விமானிகள் உண்டு. மற்றவர்கள் வானத்தைப் பார்த்து ஓட்டுகிறார்கள், நாங்கள் தரையைப் பார்த்து ஓட்டினோம். ஐந்து பேர் உட்காரக்கூடிய சின்ன ஹெலிகாப்டர். வலக்கையில் ஒரு தடி, இடக்கையில் ஒரு தடி, காலுக்கு இரண்டு மிதி. ஒன்றை அசைத்தால் மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் அசைத்தாக வேண்டும். அந்தரத்தில் ஓரிடத்தில் நிற்கப் பழகும் முதல் வாரத்தில் எனக்கு ஒரு கால்பந்து மைதானம் போதவில்லை. பிறகு ஒரு நாள் காலை, ஏன் என்று தெரியாமல், நின்றது. தரையிலிருந்து ஆறடி. கீழே புல் வட்டமாகப் படுத்திருக்கிறது. கை எதையும் செய்யவில்லை போல இருக்கிறது, ஆனால் செய்துகொண்டே இருக்கிறது. பயிற்சி அதிகாரி என் கையைக் கவனிப்பதை விட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் கிடைத்த பாராட்டுகளில் பெரியது அதுதான்.

பனிமலையில் இரண்டு வருடம். பாறை விளிம்பில் டென்னிஸ் ஆடக்கூட இடம் போதாத ஒரு தளத்தில் ஹெலிகாப்டரின் ஒரு காலை மட்டும் ஊன்றி, சுழலும் இறக்கையை நிறுத்தாமல், அடிபட்ட சிப்பாயை ஏற்றிக்கொண்டு வருவோம். எங்கள் சத்தம் கேட்டதும் கீழே உள்ளவர்கள் ஒரு தகரத்தில் எதையாவது கொளுத்திப் புகை போடுவார்கள். காற்று எந்தப் பக்கம் என்று நமக்குக் காட்ட. ஹெலிகாப்டர் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். காற்று முதுகிலிருந்து தள்ளினால் கல் மாதிரி விழும். புகை இல்லாத இடத்தில் கொடியில் காயும் துணியைப் பார்ப்போம், தண்ணீரில் சுருக்கத்தைப் பார்ப்போம். மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது, அதனால் கம்பத்தைத் தேடுவோம். இன்றைக்கும் பேருந்தில் போகும்போது என் கண் கம்பங்களை எண்ணுகிறது. விட முடியவில்லை.

சமயநல்லூரிலிருந்து நான்குவழிச் சாலையில் திருமங்கலம் 27 கிலோமீட்டர் சொச்சம். சாலை நன்றாக இருக்கிறது, வழியில் சுங்கம் உண்டு. திருமங்கலத்தில் இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கும் சேர்த்து 190 ரூபாய். அங்கிருந்து தே.கல்லுப்பட்டி வழியாகப் பேரையூர். 10.15க்குப் போய்ச் சேர்ந்தோம். அதற்கப்புறம் மேற்கே மலையைப் பார்த்து 9 கிலோமீட்டர். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது பிறகு புரியும். கைபேசி வரைபடத்தில் கண்மாய்களை மேலிருந்து பார்த்து, கடித்து வைத்த தோசை மாதிரி என் நினைவில் இருந்ததைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஆனாலும் சந்தேகம். ஊர்முனை டீக்கடையில் பாண்டி கேட்டார்:

"அண்ணே, ரொம்ப வருசத்துக்கு முன்னாடி இங்க ஒரு ஹெலிகாப்டர் வந்து விழுந்துச்சாமே, அது எந்தக் கண்மாய்?"

கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "எது, ராக்கம்மாவைப் பிடிக்க வந்துச்சே, அதா?"

கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அந்தா புகை தெரியுது பாருங்க, அங்கதான் இருப்பாக. பிடிக்க வந்தோம்னு மட்டும் சொல்லிறாதீக, மம்பட்டியைத் தூக்கிரும்."

புகை. இந்தக் கட்டுரையில் நான் இதுவரை சொல்லாத விஷயம் அதுதான். அன்று முதல் சுற்றில் கண்மாய்க்கரைக்கு அந்தப்புறம் புதருக்குள்ளிருந்து புகை எழுவதைப் பார்த்தேன். கிழக்கே சாய்ந்தது. அப்படியானால் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று. மேற்கு நோக்கி இறங்க முடிவு செய்தேன். இறங்கும்போது காற்று முதுகில் அடித்தது. விசாரணையில் பிரதீப் சொன்னது: "நான் எந்தப் புகையையும் பார்க்கவில்லை." ஊர்க்காரர்களும் அங்கே புகையே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் காற்றைப் பார்க்காமலே இறங்கிவிட்டு, புகைக்கதையைப் பின்னால் சேர்த்தேன் என்று முடிவாயிற்று. தவறாக இறக்கியவன் என்பதை நான் தாங்கியிருப்பேன். பொய்யன் என்பதைத்தான் இருபத்து மூன்று வருடமாகத் தாங்க முடியவில்லை.

கண்மாய்க்குள் இப்போதும் சீமைக்கருவேலம்தான். கரைக்கு அந்தப்புறம் இரண்டு ஏக்கர் பட்டா நிலத்தில் ஆள் உயரத்துக்குக் கருவேல விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே மண் பூசிய கரிமூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக ஓர் அம்மாள். அறுபது வயது இருக்கலாம். அவர்தான் ராக்கம்மா. சற்றுத் தள்ளி விறகு உடைத்துக்கொண்டிருந்தவர் அவர் கணவர் மாயாண்டி. நான் யார் என்று சொன்னேன்.

ராக்கம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்கதானா அது? இருபது வருசத்துக்கு மேலா முகந்தெரியாத ஒரு ஆளை வைஞ்சுக்கிட்டு இருந்தேன். வைஞ்ச அளவுக்கு ஆளு இல்லையே."

"என்னை எதுக்குக்கா வைஞ்சீங்க?"

"எதுக்கா? எம்புட்டு விறகு தெரியுமா அது? நாலு நாளா ராப்பகலாக் காவ காத்த மூட்டம். உங்களாலதான் பாழாப்போச்சு."

மாயாண்டி கோடரியை வைத்துவிட்டு வந்தார். நடந்ததை இருவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அப்போது அவர்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. கண்மாய்க்குள் இருக்கும் கருவேலத்தை அரசாங்க ஏலம் எடுத்துத்தான் வெட்ட வேண்டும். கூலி வேலை இல்லாத மாதம். ஏலம் எடுக்காமல் வெட்டி, புதருக்குள் மறைவாக மூட்டம் போட்டிருந்தார்கள்.

"அந்த வாரந்தான் பக்கத்துக் கண்மாய்ல ரெண்டு பேரைப் பிடிச்சுட்டுப் போயிருந்தாய்ங்க" என்றார் மாயாண்டி. "நாங்களே பயந்துக்கிட்டு இருக்கோம். தலைக்கு மேல டபடபன்னு வந்து வட்டம் போடுது."

"இந்த மனுசன் என்ன சொன்னாருன்னு கேளுங்க" என்று ராக்கம்மா குறுக்கிட்டார். "'அடியே, ஹெலிகாப்டர்லயே வந்துட்டாய்ங்கடி'ன்னாரு. என்னமோ நாங்க தங்கம் கடத்துற மாதிரி."

"நீ மட்டும் என்ன, கலெக்டரே வந்துட்டாருன்னு அழுதவதானே?"

பாண்டி விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அப்ப புகை இருந்ததாக்கா?" என்று கேட்டேன்.

"புகை இல்லாம மூட்டம் ஏதுய்யா?"

"பிறகு?"

"நீங்க மொதச் சுத்து முடிச்சு அங்குட்டுத் திரும்புனீகள்ல, அந்நேரமே ஈர மண்ணை அள்ளி எல்லா ஓட்டையையும் அடைச்சோம். அடியில ஆறு ஓட்டை. நான் மூணு, அவரு மூணு. அடைச்சுட்டு ஓடுனவகதான், மறுநாத்தான் வந்து பார்த்தோம். உள்ள தீ செத்துப்போச்சு. விறகும் இல்லை, கரியும் இல்லை. ஒண்ணுக்கும் ஆகலை."

நாலு நாள் கழித்து ராணுவ அதிகாரிகள் ஊர் அதிகாரிகளோடு வந்து இங்கே புகை இருந்ததா என்று கேட்டபோது, இவர்கள் அதை எங்கே கொண்டு போய் முடிச்சுப் போட்டிருப்பார்கள்? புகை என்றாலே ஜெயில் என்று நினைத்திருக்கிறார்கள். 'மூட்டமே போடலைங்கய்யா' என்று ஊரே கைநாட்டு வைத்தது.

"அதனால உங்களுக்கு எதுவும் ஆயிருச்சா சார்?" என்றார் மாயாண்டி.

வேலை போனது, பதவி உயர்வு போனது, கூடப் படித்தவர்கள் பெரிய பதவியில் ஓய்வுபெற்று கோல்ஃப் ஆடும் படங்களைப் பார்த்துப் பார்த்து நான் இப்படி ஆனது, எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. "முதுகுல அடி, அவ்வளவுதான்" என்றேன். ராக்கம்மா சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பு. பாண்டி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

நியாயமாக அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். நான் பொய்யன் இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனாலும் நிழலில் உட்கார்ந்து, புகை கிழக்கே சாய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்குச் சற்று முன் மாயாண்டி மம்பட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீக?" என்றார் பாண்டி.

"காத்து திரும்பப் போகுது மாப்ள. கெழக்க இருக்குற ஓட்டையை அடைச்சு மேக்க தொறக்கணும். இல்லைன்னா காத்து உள்ள பூந்து எல்லாம் சாம்பலாயிரும்."

"தினமுமா?"

"கோடையில அனேகமா தினமும் இந்நேரந்தான். மேக்காத்து அடங்கும், கெழக்காத்து கிளம்பும். மூட்டம் போடுறவன் இந்நேரம் கண்ணசர முடியாது."

புகை ஒரு கணம் செங்குத்தாக எழுந்து தயங்கியது. பிறகு மேற்கே சாய்ந்தது. என் கடிகாரத்தில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்றும் ஏறக்குறைய இதே நேரம்தான்; நான் முதல் சுற்றுக்கும் இறங்குவதற்கும் இடையில் எடுத்துக்கொண்டது ஏழு நிமிடம்.

இனி எழுதப்போவதை இத்தனை வருடம் யாரிடமும், என் மனைவியிடம்கூட, சொன்னதில்லை. கடைசி இறக்கத்தில் பிரதீப் சொன்னான்: "சார், எனக்குப் புகை எதுவும் தெரியலை. இன்னொரு சுத்து போய்ப் பார்த்துட்டு வரலாமா?" நான் சொன்னேன்: "நான் பார்த்துட்டேன். நீ மீட்டரைப் பார்." இறங்குவதற்கு முன் காற்றை இரண்டாம் முறை பார்க்க வேண்டும் என்பது முதல் வாரத்தில் சொல்லிக் கொடுக்கும் பாடம். விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவசரம் என்று சொல்லலாம். இன்னொரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் போதும்.

எங்கள் ஹெலிகாப்டரில் பேச்சைப் பதிவு செய்யும் கருவி கிடையாது. பிரதீப் அதையும் சொல்லியிருந்தால் நான் மருத்துவக் காரணத்தில் கௌரவமாக வெளியே வந்திருக்க மாட்டேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான்: புகையைப் பார்க்கவில்லை. அது உண்மை. அவன் பார்த்தபோது ராக்கம்மாவும் மாயாண்டியும் அதை அடைத்துவிட்டிருந்தார்கள். அவன் சொன்ன ஒரு வரிக்காக அவனை வெறுத்துக்கொண்டே இருந்தேன். சொல்லாமல் விட்ட வரி எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

4.10க்குக் கிளம்பினோம். ராக்கம்மா ஒரு சாக்கில் பத்துக் கிலோ கரியைக் கட்டி வண்டியில் வைத்தார். காசு வாங்கவில்லை. "பழைய மூட்டத்துக்கு நீங்க குடுக்க வேண்டியது தனியா நிக்குது, அதை வைஞ்சே கழிச்சுக்கிறேன்" என்றார். ஊர்ப் பெயரை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டது மாயாண்டி. பழைய கதையானாலும் கேஸ் கேஸ்தானே என்கிறார். இவர்கள் பெயர்களும் நான் வைத்தவை.

திருமங்கலம் தாண்டுவதற்குள் பிரதீப்புக்கு எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள் இதுதான்: "புகை இருந்தது. நீ பார்க்கும்போது இல்லை. இன்னொரு சுற்று போயிருக்க வேண்டும். நீ சொன்ன ஞாயிறு மதியம் எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள்." நேராகத் திருமங்கலம் சாலையிலேயே வந்து 6.05க்கு வீடு சேர்ந்தோம். அதற்குள் பதில் வந்துவிட்டது: "வருகிறோம் சார். மகளுக்கு மீன் என்றால் உயிர்."

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பங்குனி, சித்திரையில் போவதானால் தொப்பியும் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீரும் வேண்டும். பேரையூருக்கு மேல் கடைகள் குறைவு. பேருந்தில் போகிறவர்கள் பேரையூர் வரை எளிதாகப் போய்விடலாம், அதற்கு மேல் ஆட்டோ பேசிக்கொள்ள வேண்டும். கண்மாய்க்குள் இறங்கினால் தடித்த செருப்பு அவசியம், கருவேல முள் காரின் சக்கரத்தையே பதம் பார்க்கும். எங்காவது கரிமூட்டத்தைப் பார்த்தால் கேட்டுக்கொண்டு கிட்டே போங்கள், மேலே ஏறாதீர்கள், உள்ளே நெருப்பு. மூன்று மணிக்கு முன்னால் மேற்குப் பக்கம் நில்லுங்கள், அதற்குப் பிறகு கிழக்குப் பக்கம்.

நாளை மறுநாள் ஞாயிறு. விளக்குத்தூண் பக்கம் ஓர் இரும்பு அடுப்பு வாங்கி வந்திருக்கிறேன், 850 ரூபாய். கரி இருக்கிறது. மொட்டை மாடியில் மீன் சுடுவதாகத் திட்டம். சங்கச் செயலாளர் புகை வரும் என்று ஆட்சேபிக்கிறார், அவர் ஆட்சேபிக்கட்டும். பிரதீப்பின் நாற்காலியைப் புகை அடிக்காத பக்கமாகப் போட வேண்டும். முதலில் ஒரு தடவை பார்ப்பேன். அவன் படியேறி வந்த பிறகு இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.